ஐந்தாம் கம்பி, மூன்றாம் ஃப்ரெட்

காலை பத்து மணி வரை அந்தக் கிட்டாரில் நாலு தப்புகள்தான் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாலையும் செய்தவள் நான், மறைத்தவளும் நான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் ஒன்றுகூட யாருக்கும் அகப்படாது.

எங்கள் பட்டறையில் அண்ணியும் நானும்தான். தொடங்கியது அண்ணன். மரத்தூள் அவருடைய மூச்சுக்கு ஆகாமல் போனதும் இந்த வேலையை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இப்போது அவர் மாடியில் சமைக்கிறார். கீழே வந்தால் மூக்கில் துணி கட்டிக்கொண்டு வருகிறார். அளவெடுப்பது, அறுப்பது, கடைசியில் பின்பலகையை ஒட்டிப் பெட்டியை மூடுவது எல்லாம் அண்ணி. உள்ளே ஒட்டும் சட்டங்களும் வெளியே போடும் பாலிஷும் நான். அண்ணி ஒரு கோடு போடுவதற்குள் நான் இரண்டு பலகைகளை இழைத்துவிடுவேன். அதில் ஒன்று கெட்டும் போகும். மறைக்கிற வேலையில் எனக்கு இவ்வளவு கைத்தேர்ச்சி வந்தது அப்படித்தான்.

என் மேசைக்கு மேலே பழைய மாத்திரை பாட்டில்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மரத்தின் தூள். இந்தக் கிட்டாரின் இடுப்பு வளைவில் ஓரப்பட்டை சரியாக உட்காராமல் மயிரிழை இடைவெளி விழுந்தது. அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன். ஒட்டியதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் கை நழுவி விழுந்து மேல்பலகையில் ஒரு குழி. ஈரத்துணியை வைத்து இஸ்திரிப்பெட்டியின் முனையால் ஒற்றினேன், மரம் உப்பிக்கொண்டு மேலே வந்துவிட்டது. கம்பிகளை மேல்பலகையில் பிடித்து நிறுத்தும் பிரிட்ஜின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தது. அதைத் தரையில் முழங்காலிட்டுத் தேடி எடுத்து, ரேகை மாறாமல் திரும்ப ஒட்டினேன். வட்டத் துளையைச் சுற்றியுள்ள வளையத்துக்குப் பக்கத்தில் உளி சறுக்கி நகநீளத்துக்குக் கீறிவிட்டது. அதற்கு வளையத்தைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு ஒன்றைக் கூடுதலாகப் பதித்தேன். பார்க்கிறவர்கள் அந்தக் கோட்டைத்தான் முதலில் மெச்சுவார்கள். மெச்சும்போது நான் அடக்க ஒடுக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன்.

இந்தக் கிட்டார் ஒரு டீச்சருக்கு. ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர். போன வருடம் வேன் கதவில் இடது கை நசுங்கி, நடுவிரலும் மோதிரவிரலும் போய்விட்டன. கிட்டாரில் கம்பியை அழுத்துவது இடது கை, மீட்டுவது வலது கை. அழுத்துகிற கையில் இரண்டு விரல்கள் இல்லையென்றால் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். டீச்சர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கைகளை மாற்றிக்கொண்டார். மீட்டுவதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும், அவை இடது கையில் பத்திரமாக இருக்கின்றன, அழுத்துவதற்கு வலது கையைப் பழக்கிக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார். ஒரு மட்டமான கிட்டாரில் கம்பிகளை மாற்றி மாட்டி எட்டு மாதமாகப் பழகுகிறார். நாற்பத்தாறு வயதில் எழுதுகிற கையை மாற்றிக்கொள்வது போன்ற வேலை அது.

பள்ளிக்கூடத்தில் அவரை லைப்ரரியில் உட்கார வைத்திருந்தார்கள். வரும் திங்கட்கிழமை தலைமையாசிரியைக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தால் அவருடைய பாட்டு அறை அவருக்கே. இல்லாவிட்டால் ஓய்வுபெறும் வரைக்கும் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான், பாட்டுக்கு வேறு ஆள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து கிட்டாரை வாங்கிக்கொள்கிறேன், இரண்டு நாள் கை பழகிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அந்த வெள்ளிக்கிழமைதான் இது.

பத்து மணிக்குக் கம்பிகளை முழுச் சுருதிக்கு ஏற்றி மீட்டினேன். மெல்லிய கம்பிகள் பரவாயில்லை. தடித்த கம்பிகள் மூன்றும் வாயைப் பொத்திக்கொண்டு பேசின. புதுக் கம்பி, இன்னும் இளகவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எலும்புத் துண்டு ஒன்றை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணி கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார். மேல்பலகையைத் தட்டிப் பார்க்கச் சொன்னார்.

விரல் முட்டியால் தட்டினேன். மெல்லிய கம்பிகளின் பக்கம் 'தொம்' என்றது. தடித்த கம்பிகளின் பக்கம் 'டொக்' என்றது. நேர்மாறாக இருக்க வேண்டும்.

மேல்பலகைக்கு அடியில் சட்டங்களைச் சாய்வாக ஒட்டுவோம். தடித்த கம்பி வரும் பக்கம் பலகை தாராளமாக அசைய வேண்டும், அதனால் சட்டங்களை அங்கே மெலிதாகச் சீவுவோம். மெல்லிய கம்பியின் பக்கம் விறைப்பாக விடுவோம். டீச்சருடைய கிட்டார் இடது கைக்காரர்களுக்கானது, எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் மாற வேண்டும். சட்டங்களும் மாற வேண்டும், அதற்கு அவற்றின் இடத்தைக் காட்டும் அச்சு அட்டையைத் திருப்பி வைத்து ஒட்ட வேண்டும். நான் கம்பிகளைத் தளர்த்தி, துளைக்குள் சின்ன பல்பை இறக்கி, பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரியான கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தேன். சட்டங்கள் வழக்கமான கிட்டாரில் எப்படி இருக்குமோ அப்படியே, என் கையால் அழகாக, வழுவழுவென்று, தப்பான பக்கம் ஒட்டியிருந்தன.

"அண்ணி, சட்டம் ஒட்டுற அச்சு அட்டையை நீங்க திருப்பி வெச்சீங்களா?"

"ஆமா. இடது கை ஆர்டராச்சே. நீ அவசரத்துல மறந்துடுவேன்னு நானே திருப்பி வெச்சேன்."

"நானும் திருப்பினேன்."

அரம் மேசைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஐந்து நாள் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சொன்னால் வெட்கக்கேடு. பசை டப்பாவை நான் மூடி வைப்பதே இல்லை என்று அண்ணி ஒரு வாடிக்கையாளர் முன்னால் சொல்லிவிட்டார். உண்மைதான், நான் மூட மாட்டேன். ஆனால் மூன்றாவது ஆள் முன்னால் சொல்லலாமா என்று எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்துவிட்டது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவரும் விடவில்லை. அந்த ஐந்து நாளும் 'அவளிடம் உளியைக் கேளுங்கள்', 'அவரிடம் உளி மேசையில் இருக்கிறதென்று சொல்லுங்கள்' என்று அண்ணன் மாடிக்கும் கீழுக்குமாக மூக்கில் துணியோடு அலைந்தார். அந்த வாரத்தில்தான் அண்ணி என் நன்மைக்காக அட்டையைத் திருப்பி வைத்து, அதை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார். அந்த வாரத்தில்தான் நான் அதைத் திரும்பத் திருப்பியிருக்கிறேன்.

"நீங்கதானே மூடினீங்க? மூடும்போது கண்ணுல படலையா?" என்றேன். எனக்குப் பழியை யார் தலையிலாவது கட்ட வேண்டியிருந்தது.

"ஒரு நிமிஷம் மனசுல இடிச்சுது. கவுத்துப் போட்ட பலகை, எது எந்தப் பக்கம்னு எனக்கே குழம்பிடுச்சு. உன்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்க வேண்டியதுதானே?"

"நீதான் பேசலையே."

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் இரண்டு மடங்காகும். பாலிஷ் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தேன். அது போய் எதன்மீதும் படாமல் மெத்தென்று விழுந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

டீச்சருக்குப் போன் செய்து உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றார் அண்ணி. என்ன சொல்வது? பின்பலகையைச் சூடு காட்டிப் பிரிக்க வேண்டும். சட்டங்களைப் பெயர்த்து, புதிதாக வெட்டி ஒட்டி, காயவிட்டு, மூடி, மறுபடி பாலிஷ் போட மூன்று வாரம் ஆகும். திங்கட்கிழமை மூன்று வாரம் காத்திருக்காது. இப்போது போன் செய்தால் அவருடைய இரண்டு நாளையும் பிடுங்கிக்கொள்வதுதான் மிச்சம் என்றேன். துளை வழியாகக் கையை விட்டு, விறைப்பாக இருக்கிற பக்கத்துச் சட்டங்களைத் தேய்த்து மெலிதாக்கிவிடுகிறேன், ஆறு மணி நேரம் இருக்கிறது என்றேன். உள்ளே இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்றும் சொன்னேன்.

இத்தனையும் டீச்சருக்காகச் சொன்னதுபோலத்தான் இருந்தது. பாதி எனக்காகச் சொன்னேன். என் வேலையில் ஒரு தப்பைக்கூட இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை என்பது எனக்குப் பெரிய கிரீடம். அதைக் கழற்ற மனம் வரவில்லை.

அண்ணி சின்ன பல்பைக் கையில் எடுத்துக்கொண்டார். "தேய். நான் விளக்குப் பிடிக்கிறேன். ஆனா அவங்க கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

"கேக்க மாட்டாங்க."

எங்கள் இருவரில் என் கைதான் சின்னது. உப்புத்தாளை இரண்டு விரல்களில் டேப்பால் சுற்றிக்கொண்டு துளைக்குள் கையை நுழைத்தேன். மணிக்கட்டு போய்விடும், அதற்கு அப்பால் தோல் உரசும். உள்ளே எதுவும் தெரியாது, கண்ணாடியை வைத்தால் கையை வைக்க இடமில்லை, கையை வைத்தால் கண்ணாடிக்கு இடமில்லை. தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பலகையின் கனம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. சட்டத்தில் கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டால் கம்பிகளின் இழுப்பில் பலகை உள்வாங்கிவிடும். அப்புறம் டீச்சருக்குக் கொடுக்க ஒரு மரப்பெட்டிதான் மிஞ்சும்.

முப்பது இழுப்பு இழுப்பேன், கையை எடுப்பேன், அண்ணி தட்டிப் பார்ப்பார், தலையசைப்பார். மறுபடியும் முப்பது. தூள் உள்ளே மழைபோல் விழுவது காதுக்குக் கேட்டது. பன்னிரண்டு மணி வாக்கில் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். நான் அப்படியே உறைந்துவிட்டேன். அண்ணி மெல்லக் குனிந்து காதைப் பலகையில் வைத்தார். எதுவும் விரிசல் விடவில்லை, என் வளையல் சட்டத்தில் இடித்திருக்கிறது. வளையலைக் கழற்றக்கூடத் தோன்றாமல் இரண்டு மணி நேரமாகத் தேய்த்திருக்கிறேன். அண்ணி என் கையை வெளியே எடுத்து, சோப்புத் தடவி வளையலைக் கழற்றி, தன் புடவை முனையில் முடிந்துகொண்டார்.

ஒரு மணிக்கு அண்ணன் சாப்பாட்டுத் தட்டுகளோடு இறங்கினார். எங்கள் முகங்களைப் பார்த்தார். தட்டுகளைக் கடைசிப் படியில் வைத்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் மேலே ஏறிவிட்டார். தட்டுகள் அப்படியே ஆறிப்போயின.

இரண்டரைக்குக் கம்பிகளை ஏற்றினோம். தடித்த கம்பிகள் வாய் திறந்திருந்தன. முழுதாக இல்லை, ஆனால் காலையில் கேட்டதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா?" என்றேன். அண்ணி கிட்டாரை வாங்கி, ஒவ்வொரு கம்பியாக, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டுகளில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, பல்லை எண்ணுகிற மாதிரி மீட்டிக்கொண்டே வந்தார். ஐந்தாம் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டில் நின்றார்.

அந்த ஸ்வரம் பிறந்த உடனே செத்தது. பக்கத்தில் உள்ளவையெல்லாம் நாலு எண்ணும் வரை நிற்கின்றன, இது ஒன்றைக்கூட முழுசாக எண்ணவிடவில்லை. இப்படி நடக்கும். பலகையின் பலத்தை ஒரு பக்கம் மாற்றினால் எங்கேயாவது ஒரு ஸ்வரம் அதில் மாட்டிக்கொள்ளும். அதற்கும் மருந்து உண்டு. சுவரில் படம் ஒட்டுகிற பசைமண்ணைப் பட்டாணி அளவு உருட்டிப் பலகையின் அடியில் ஒட்டி, இடம் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். பதினாலு இடத்தில் ஒட்டிப் பார்த்தேன். கடைசியில் ஓர் இடத்தில், ஓங்கி அழுத்தி ஓங்கி மீட்டினால், சுமாராக நின்றது.

"நல்லா அழுத்தினா வருது," என்றேன்.

"குழந்தைங்க பாட்டு பாதிக்கு மேல இந்த ஸ்வரத்துலதான் ஆரம்பிக்கும்."

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சா சரி."

மூன்றரைக்கு உள்ளே இருந்த தூளை ஊதி எடுத்து, விரல் ரேகைகளைத் துடைத்து, மென்மையான துணியால் ஒருமுறை மெருகேற்றினேன். ஜன்னல் வெளிச்சத்தில் கிட்டார் மினுமினுத்தது. அன்று முழுவதும் பட்ட பாட்டின் அடையாளம் என் மணிக்கட்டில் மட்டும்தான் இருந்தது, தோல் உரிந்து சிவந்து. முழுக்கைச் சட்டையை மாட்டி அதையும் மறைத்தேன்.

டீச்சர் நாலு மணிக்குச் சரியாக வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், தோள்பையில் லைப்ரரி முத்திரையோடு இரண்டு புத்தகங்கள். கிட்டாரைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார் என்று சொல்ல முடியாது, போட்டார். வளையத்தைச் சுற்றியிருந்த கறுப்புக் கோட்டை இடது கைக் கட்டைவிரலால் தடவி, இது எவ்வளவு அழகாக இருக்கிறது என்றார். நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்கு அந்தக் குனிவு வெட்கத்தில் வந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் வைத்து, வலது கையைக் கழுத்தில் ஏற்றினார். அந்தக் கையை அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். நாலு விரல் நுனிகளும் காய்த்துப்போய், ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர். எட்டு மாத உழைப்பு அது. குழந்தைகள் பாட்டு ஒன்றை ஆரம்பித்தார். முதல் ஸ்வரமே ஐந்தாம் கம்பி, மூன்றாம் ஃப்ரெட்.

அது உடனே அணைந்தது. டீச்சர் நிறுத்தினார். விரலைச் சரியாக வைத்து மறுபடி ஆரம்பித்தார், மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை விரல் நுனி வெளுத்துப்போகிற மாதிரி அழுத்தினார். தோள் உயர்ந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டார். ஸ்வரம் சுமாராக நின்றது, ஆனால் அடுத்த விரல் போய்ச் சேருவதற்குள் பாட்டு தடுக்கி விழுந்துவிட்டது. நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் விரலைக் கம்பியிலிருந்து எடுத்து முன்னால் நீட்டிப் பார்த்தார். கோபமோ அழுகையோ இல்லாமல், சரியாகப் படிக்காத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

"கிட்டார் ரொம்ப நல்லா இருக்கும்மா. என் கைதான் இன்னும் வரல. வீட்டுல இருக்குறது மட்டமான கிட்டார், அதனாலதான் வரலன்னு எட்டு மாசமா நெனச்சுக்கிட்டிருந்தேன்." பிளாஸ்டரின் ஓரத்தை நகத்தால் அழுத்தி ஒட்டிக்கொண்டார். "திங்கட்கிழமை போய் அசிங்கப்படுறதுக்கு லைப்ரரியே இருந்துடலாம் போல."

என் மறைப்பு நன்றாக வேலை செய்துவிட்டது. தப்பு கிட்டாரில் இல்லாமல் போய், அந்த அம்மாவின் விரலில் போய் உட்கார்ந்துகொண்டது.

"உங்க கை இல்ல டீச்சர்," என்றேன். "நான்தான்."

புரியாமல் பார்த்தார். முழுக்கைச் சட்டையை மேலேற்றி மணிக்கட்டைக் காட்டினேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். அச்சு அட்டையை இரண்டு பேரும் திருப்பியது, பசை டப்பா, ஐந்து நாள், காலையிலிருந்து தேய்த்தது, பசைமண் உருண்டை. பல்பையும் கண்ணாடியையும் உள்ளே விட்டுக் காட்டினேன். அண்ணி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, மூடும்போது சந்தேகம் வந்தும் கேட்காமல் விட்டது தன் தப்பு என்றார்.

டீச்சர் கண்ணாடியை வெகு நேரம் பார்த்தார்.

"எப்போ தெரியும்?"

"காலைல பத்து மணிக்கு."

"அப்போ, இப்ப நான் மூணு தடவை அழுத்தும்போது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பாத்துக்கிட்டே இருந்தீங்க."

தலையை ஆட்டினேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கிட்டாரை மடியிலிருந்து எடுத்து, அடி படாமல் மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"வேற என்னவெல்லாம் மறைச்சிருக்கீங்க இதுல? எல்லாத்தையும் காட்டுங்க."

காட்டினேன். இடுப்பில் தூள் அடைத்த இடம். இஸ்திரிப்பெட்டியால் எழுப்பிய குழி. பிரிட்ஜில் ஒட்டிய சில்லு. ஒவ்வொன்றின்மீதும் அவர் விரலை வைத்துப் பார்த்தார். கறுப்புக் கோட்டுக்கு வந்தபோது என் வாய் கூசியது. உளி சறுக்கியதை மறைக்கத்தான் அந்தக் கோடு என்றேன். "இது எனக்கே தெரியாதே," என்றார் அண்ணி. அழகுக்குப் போட்டதாக அவரிடமும் அளந்துவிட்டிருந்தேன். டீச்சர் முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது. சிரிப்பென்று சொல்ல மாட்டேன்.

"திங்கட்கிழமைக்கு என்ன செய்யிறது?" என்று அவர் கேட்டபோது, என்னிடம் ஒன்றும் இல்லை. ஆறு மணி நேரமும் மறைப்பதிலேயே போய்விட்டது, வேறு வழி யோசிக்கவே இல்லை. அண்ணிதான் மாடிப்படியைப் பார்த்து, அந்தப் பழைய கிட்டாரை எடுத்து வரச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

அண்ணன் மூக்கில் துணியோடு ஒரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவர் முதன்முதலாகச் செய்த கிட்டார், மாடியில் ஆணியில் தொங்குவது. பார்க்கச் சகிக்காது. ஓரப்பட்டை அலையலையாகப் போகும், பசை வழிந்து காய்ந்த இடங்கள் பளபளக்கும், வட்டத் துளை வட்டமாகவே இருக்காது. எத்தனை தடவை இதைச் சொல்லிச் சொல்லி அவரைக் கேலி செய்திருப்பேன். ஆனால் அப்போது அவருக்குச் சாய்வுச் சட்டமெல்லாம் ஒட்டத் தெரியாது. உள்ளே சட்டங்களை ஏணிப்படிபோல் நேராகக் குறுக்கே ஒட்டியிருந்தார். அதற்கு இடதும் ஒன்றுதான், வலதும் ஒன்றுதான்.

கம்பிகளைக் கழற்றி வரிசை மாற்ற வேண்டும், கம்பிகள் தலைப்பக்கம் உட்காருகிற எலும்புத் துண்டில் புதிதாகக் காடி வெட்ட வேண்டும். அண்ணி அரத்தை எடுத்தார். நான் தளர்த்தினேன், மாட்டினேன், முறுக்கினேன். 'ஆறாவது கம்பி போட்டாச்சு', 'ஐந்தாவது காடி ஆழம் போதுமா', 'இன்னும் கொஞ்சம்' என்று ஒவ்வொன்றையும் இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டோம். டீச்சர் ஸ்டூலில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து போகவில்லை. நாற்பது நிமிடத்தில் முடிந்தது.

மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி கொஞ்சம் விலகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். எலும்புக் காடியில் ஒன்று அரை மயிரிழை தள்ளி விழுந்திருந்தது, அதையும் காட்டினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார். அந்த அசிங்கமான கிட்டாரை மடியில் வாங்கிக்கொண்டார்.

உடனே வாசிக்கவில்லை. வலது கையைக் கழுத்தில் வைத்து, எடுத்து, புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். இங்கேயும் அந்த ஸ்வரம் அணைந்துவிட்டால் அப்புறம் அவருக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அண்ணியின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது.

டீச்சர் ஐந்தாம் கம்பி, மூன்றாம் ஃப்ரெட்டில் விரலை வைத்தார். பழகின வேகத்தில் ஓங்கி அழுத்தப் போனவர், என்ன நினைத்தாரோ, நிறுத்திக்கொண்டு, சும்மா வைக்கிற அளவுக்கு வைத்து மீட்டினார்.

நின்றது. நாலு எண்ணினேன், ஐந்து, ஆறு. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துப் போனது, அதற்கு அடியிலும் அது கேட்டுக்கொண்டிருந்தது. அடங்கியதும் மறுபடி மீட்டினார். இன்னும் ஒருமுறை. பாட்டுக்குப் போகவில்லை, அந்த ஒரு ஸ்வரத்தையே திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டிருந்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் விரலை எடுக்கவில்லை.

"என் கை நல்லாத்தான் இருக்கு," என்றார், எங்களிடம் அல்ல.